எமரித்தாள் மறைத்த நீலம்

கட்டில் கால், தொட்டில் கம்பு, மாடிப்படித் தூண் என்று மரம் கடையும் ஓர் அண்ணனுக்கு நான் செய்துகொடுத்த உளிகளில் இரண்டு கருகியவை. தெரிந்தே கொடுத்தேன்.

எங்கள் திண்டுக்கல்லில் பூட்டுப் பட்டறைகளுக்கா பஞ்சம்? அங்கே பல் தேய்ந்து கழியும் அரங்களை வாங்கிவந்துதான் உளி செய்வேன். அரத்து எஃகில் கார்பன் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். கூர் நின்று பேசும். முதலில் சூடுகாட்டி மெதுவாக ஆறவிட்டு இளக்க வேண்டும். மரத்தில் மணி விழவேண்டுமென்றால் அந்த மணியின் பள்ளத்தை உளிமுனையில் அராவ வேண்டும். நான்கு காலிலும் ஒரே மணி விழுவதற்கு அந்த முனைதான் பொறுப்பு. அராவி முடித்ததும் செக்கச்சிவக்கக் காய்ச்சித் தோய்த்து, மறுபடி வைக்கோல் நிறம் வரும்வரை இளஞ்சூடு காட்டினால் பதம் அமையும். அது 220 டிகிரிக்குப் பக்கம். 300-ஐ நெருங்கினால் நீலம் ஓடும். நீலம் ஓடிய முனை செத்த முனை.

அன்றைக்குக் கடைசிச் சாணை. தண்ணீரில் நனைக்கப் பொறுமையில்லாமல் மோட்டார்க் கல்லில் வைத்து அழுத்தினேன். மணி உளியிலும் பள்ள உளியிலும் நீலம் ஓடிவிட்டது. திரும்பக் காய்ச்சித் தோய்த்திருந்தால் சரியாகியிருக்கும், அரைநாள் போயிருக்கும். நான் எமரித்தாளை எடுத்தேன். நீலம் போய்ப் பளபளத்ததும் துணியில் சுற்றிக் கொடுத்துக் காசு வாங்கிக்கொண்டேன்.

"என்னப்பா, ரெண்டு கால் கடையறதுக்குள்ள மழுங்கிப்போகுது?" என்று அண்ணன் வந்து நின்றார்.

"தேக்குல மண்ணு இருக்குண்ணே. அப்படித்தான் இருக்கும்."

தேக்கில் சிலிக்கா உண்டு, உளியைத் தின்னும் என்பது உண்மை. அந்த உண்மையை எடுத்து என் பொய்க்குப் போர்த்தினேன். உளி கருகியதைவிட இதுதான் என்னை அறுக்கிறது. அவர் நம்பினார். மரக்கடைக்காரரிடம் போய்ச் சண்டைகூடப் போட்டார்.

மழுங்கிய உளி மரத்தைச் சீவாது, பிய்க்கும். பிய்ந்த இடத்தை அவர் உப்புத்தாளால் தேய்க்க, மணியின் ஓரமெல்லாம் உருண்டுபோனது. லண்டனில் ஹோல்ட்சாப்ஃபெல் குடும்பத்தார் அலங்காரக் கடைசலுக்கென்றே எந்திரமும் உளியும் செய்தார்கள். 1884-இல் அதற்கெனத் தனி நூலே போட்டார்கள். அந்த வேலையில் உப்புத்தாள் படக்கூடாது, உளி வெட்டிய தடமே மெருகு. அதற்காகவே உளிமுனையைக் கண்ணாடிபோல் தீட்டுவார்கள். நானும்தான் தீட்டினேன், எதற்கு என்பது எனக்குத் தெரியும்.

2019-இல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்த ஊர்க் கைவேலையை நம்பலாம் என்று வெளியூர்க்காரர்கள் சொல்லும்போதெல்லாம் உடம்பு கூசியது.

அண்மையில் அவர் பட்டறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் கடைசலை நிறுத்தவில்லை. பிறகு, எந்தெந்த உளி என்று மட்டும் கேட்டார். எடுத்துக் காட்டினேன். இரண்டும் இப்போது என் பட்டறையில் இருக்கின்றன. நாளைக்கு உலை மூட்டுகிறேன். மரக்கடைக்காரரிடமும் நானே போய்ச் சொல்ல வேண்டும் என்றிருக்கிறார்.