விடிய விடியப் பாட்டு

செஞ்சியில் சித்திரை வெயில் பொழுது சாய்ந்ததும் போய்விடாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி மூன்று மலையும் பகலெல்லாம் குடித்த சூட்டை இருட்டிய பிறகும் ஊருக்குள் விட்டுக்கொண்டே இருக்கும். வீட்டுக்குள் படுக்க முடியாது, மொட்டைமாடியிலும் தரை சுடும். அந்த நேரத்தில் எங்கிருந்தாவது ஹார்மோனியச் சத்தம் வருகிறதா என்று காது தேட ஆரம்பித்துவிடும். பங்குனி பிறந்துவிட்டால் சுற்றுவட்டாரத்தில் ஏதாவது ஓர் ஊரில் திரௌபதி அம்மன் திருவிழா நடந்துகொண்டிருக்கும். பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. கூட்டாளிகளுக்கு ஒரு போன் போட்டால் போதும், ஆளுக்கொரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்துவிடுவோம்.

கூத்து என்றதும் பலர் வேஷத்தையும் ஆட்டத்தையும்தான் நினைக்கிறார்கள். நான் போவது பாட்டுக்காக. அறுப்பு முடிந்த வெட்டவெளியில் ஒரு பெஞ்சைப் போட்டு ஹார்மோனியக்காரர் உட்கார்ந்திருப்பார். பக்கத்தில் மிருதங்கம், டோலக், தாளம். முகவீணைக்காரர் கன்னம் புடைக்க மூச்சைப் பிடித்து ஓர் இழுப்பு இழுத்தால் அது வயல் தாண்டி அடுத்த ஊர்வரை போகும். கட்டை தூக்கிய சுருதி. அதில் இரவு பத்து மணிக்குத் தொடங்கியவர் விடியற்காலையிலும் அதே சுருதியில் நிற்பார். நடுநடுவே ஆடவும் வேண்டும், கிறிக்கி அடித்துச் சுழலவும் வேண்டும், சுழன்று நின்ற மூச்சிலேயே அடுத்த அடியை எடுக்கவும் வேண்டும். தோளில் புஜக்கட்டை, மார்பில் பதக்கம், தலையில் கிரீடம், அத்தனை கனமும் உடம்பின்மேல். சபா மேடைகளில் நல்ல பாடகர்களைக் கேட்டிருக்கிறேன். இந்த உழைப்பை அங்கே கண்டதில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது திரைப் பிரவேசம். இரண்டு பேர் ஒரு துணியைக் குறுக்கே பிடித்துக்கொள்வார்கள். மேலே கிரீடத்தின் நுனி, கீழே சலங்கை கட்டிய கால். இடையில் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது, குரல் மட்டும் வரும். பின்பாட்டுக்காரர்கள் அந்த அடியை வாங்கித் திருப்பிப் பாடுவார்கள். ‘துரியோதனன்டா’ என்பான் என் பக்கத்தில் இருப்பவன், முதல் அடியிலேயே. அவனுக்கு ஒவ்வொரு வேஷத்துக்கும் உள்ள மெட்டு அத்துப்படி. இன்னொருவன் கோமாளியான கட்டியக்காரன் வரும்வரை வேகவைத்த மல்லாட்டையை உரித்துக்கொண்டிருப்பான். கட்டியக்காரன் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவான். அப்படி ஓர் இரவில் பக்கத்தில் பாய் விரித்திருந்த ஆயா ஒருத்தி, “எந்த ஊருப்பா நீங்க?” என்று கேட்டார். “செஞ்சிதான் ஆயா.” “அப்ப நல்லா தள்ளி உக்காருங்க, காத்து வரும்” என்று பாயில் பாதியை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். சிநேகிதர்களோடு போனால், திரும்பும்போது உறவுக்காரர்களும் சேர்ந்துவிடுவார்கள்.

அன்றைக்குப் பகடை துயில், அதாவது சூதாட்டமும் திரௌபதியின் துகிலுரிதலும். திரௌபதியாக நின்றவர் ஓர் ஆண்தான். கொஞ்ச நேரத்தில் அது யாருக்கும் நினைவில் இல்லை. சேலையைத் தொடவேண்டிய கட்டம் வந்ததும் துச்சாதனன் வேஷக்காரர் ஆட்டத்தை நிறுத்தினார். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டார். வேஷத்துக்காகச் செய்கிறேன், பொறுத்துக்கொள் தாயே என்று அம்மனிடம் கேட்டுக்கொண்டார். ஹார்மோனியம் ஒற்றைச் சுரத்தில் நின்றது. கூட்டத்தில் பெண்கள் எழுந்து நின்று கைகூப்பினார்கள். அதற்குப் பிறகு திரௌபதி பாடியதைக் கேட்டு என் கூட்டாளிகள் இருவரும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள், நானும்தான்.

இந்தப் பாட்டுக்கும் செஞ்சிக்கும் உள்ள உறவு மேலோட்டமானதல்ல. செஞ்சிக் கோட்டைக்கு வடமேற்கே இருக்கும் மேலச்சேரியைப் பழைய செஞ்சி என்பார்கள். திரௌபதி மறுபிறவி எடுத்து வந்த இடம் அது என்பது இப்பகுதி மக்களின் நம்பிக்கை; அங்குள்ள கோயிலைத்தான் ஆதிக் கோயிலாகச் சொல்கிறார்கள். அம்மனுக்குக் காவலாகப் போத்துராஜாவும் நிற்கிறார், முத்தால ராவுத்தர் என்னும் முஸ்லிம் வீரரும் நிற்கிறார். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்த வழிபாட்டைப் பற்றி எழுதிய பெரிய நூலின் முதல் தொகுதி 1988இல் வந்தது. ‘செஞ்சியிலிருந்து குருக்ஷேத்திரம் வரை’ என்று அதற்கு அவர் பெயர் கொடுத்தார்.

நாங்கள் காசு கொடுக்காமல் கேட்கிறோம் என்பதற்காக இது காசில்லாமல் நடப்பதாக நினைத்துவிடக் கூடாது. ஊரில் தலைக்கட்டு வரி போடுகிறார்கள். அந்தப் பணத்தில்தான் கூத்து ஜமாவுக்கு வெற்றிலை பாக்கு வைத்து முன்பணம் கொடுப்பது, பந்தல், மைக், சாப்பாடு எல்லாம். கூலி வேலைக்குப் போகும் குடும்பம்கூடத் தன் பங்கைக் கட்டிவிடுகிறது. அந்தப் பங்கில் வெளியூர்க்காரர்களான எங்களுக்கும் ஓர் இடம் ஒதுக்கி, பாயும் விரித்துத் தருகிறது. இதைவிடப் பெரிய தர்மம் எனக்குத் தெரியவில்லை. ஆடுகிறவர்களுக்கோ இந்த நாலைந்து மாதந்தான் பருவம். அதற்குப் பிறகு பலர் வயல் வேலைக்கும் கட்டட வேலைக்கும் திரும்பிவிடுகிறார்கள்.

2025 ஜூலையில் மராட்டியரின் 12 கோட்டைகளுக்கு யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தகுதி வழங்கியது. அதில் தமிழ்நாட்டில் இருப்பது செஞ்சி ஒன்றுதான். அதைக் கேட்டு மனசு நிறைந்தது. கல்லுக்குக் கிடைத்த அந்த மரியாதை, அதன் அடிவாரத்தில் தொண்டை கிழியப் பாடும் மனிதர்களுக்கும் கிடைக்க வேண்டும். முன்பதிவு, பாஸ், வி.ஐ.பி. நாற்காலி என்று மாற்றி அல்ல. இதே தரையில், இதே பாயில் வைத்து.

கோடையில் கோட்டை பார்க்க வருகிறவர்கள் சாயங்காலமே பஸ் ஏறிவிட வேண்டாம். பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்றைக்கு எந்த ஊரில் கூத்து என்று கேளுங்கள். இரண்டு சிநேகிதர்களையும் ஒரு துண்டையும் கூட்டிக்கொண்டு போங்கள். பாதியில் எழுந்து வராமல் விடியும்வரை இருங்கள். மைக்கில் அன்பளிப்புச் சொல்லும்போது நூறோ இருநூறோ, கையில் இருப்பதைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.