ஐந்து பிரியாணி, ஒரு நான்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பது மணி. வேளச்சேரியில் ஒரு பிரியாணிக் கடை. வாசலில் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலிகளில் குடும்பங்கள் காத்துக் கிடக்கின்றன. மாடி ஏசி ஹாலில் ஜன்னலோர மேசைக்கு ஆறு பேர் வந்து உட்காருகிறார்கள். ஒரே அலுவலகம் போலிருக்கிறது. பேச்சில் பாதி மேனேஜரைப் பற்றியது.

மெனு கார்டு ஒன்றுதான் வருகிறது. தாடிக்காரர் முதல் பக்கத்திலிருந்து உரக்க வாசிக்கிறார். மட்டன் சுக்கா, ஈரல் வறுவல், காடை, வஞ்சிரம், நல்லி. பக்கத்தில் கட்டம்போட்ட சட்டைக்காரர் சும்மா இருக்கிறார். வாசித்தவர் களைத்துக் கீழே வைத்ததும் எடுத்து நேராகக் கடைசித் தாளுக்குப் போகிறார். ஐஸ்கிரீமுக்கு மேலே, பச்சைப் புள்ளி வைத்த சின்னப் பட்டியல். கோபி 65, கோபி மஞ்சூரியன், பன்னீர் பட்டர் மசாலா, வெஜ் ஃப்ரைட் ரைஸ்.

அந்தப் பட்டியலிலும் முதல் இரண்டு பெயர் கோழிக்கு வைத்தவை. சிக்கன் 65, மவுண்ட் ரோடு புகாரி ஓட்டலில் 1965இல் பிறந்தது என்பது ஊரறிந்த கதை. மஞ்சூரியனை 1975இல் பம்பாயில் நெல்சன் வாங் கோழியில்தான் முதலில் செய்தார் என்பார்கள். இரண்டிலும் கோழியை எடுத்துவிட்டுக் காலிஃபிளவரைப் போட்டால் சைவப் பக்கம் தயார்.

சர்வர் வருகிறார். ஐந்து மட்டன் பிரியாணி, சுக்கா, வஞ்சிரம் என்று மளமளவென எழுதிக்கொள்கிறார். பேனா கட்டம்போட்ட சட்டையிடம் வந்து நிற்கிறது.

“வெஜ் பிரியாணி இருக்காண்ணா?”

“முடிஞ்சிருச்சு சார். குஸ்கா தரட்டுமா? பீஸ் எதுவும் இருக்காது.”

“அதே அண்டாதானேண்ணா?”

“அதே அண்டாதான் சார்.”

இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறார்கள். குஸ்காவில் கறித்துண்டு இல்லாவிட்டாலும் அரிசி வெந்தது கறியோடுதான் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

“நான் மாவுல முட்டை போடுவீங்களா?”

சர்வர் சமையற்கட்டுவரை போய்க் கேட்டுவிட்டு வருகிறார். “பாலும் தயிரும்தான் சார்.”

“பிரியாணிக்குத் தர்ற கத்திரிக்காய்?”

“கத்திரிக்காய் சுத்த சைவம் சார். கரண்டிக்கு மட்டும் நான் பொறுப்பில்ல.”

மேசையே அதிர்கிறது. கடைசியில் ஒரு கோபி 65, இரண்டு நான், ஒரு பன்னீர் பட்டர் மசாலா என்று முடிவாகிறது. “உனக்கு ஓகேதானே?” என்று ஒவ்வொருவராகக் கேட்கிறார்கள். ஐந்து பேருக்கும் அவர் ஐந்து முறை தலையாட்டுகிறார்.

வடக்கே போனால் மதராசி என்றதும் இட்லி சாம்பார் என்பார்கள். ஆனால் 2014இல் மத்திய அரசு எடுத்த மாதிரிக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் 97.65 விழுக்காட்டினர் அசைவம் உண்பவர்கள். ஆறு பேர் மேசையில் ஒருவர் சைவம் என்பதே அந்தக் கணக்குக்கு மிகப் பெரிய பங்கு. கடைசிப் பக்கம் ஏன் கடைசிப் பக்கமாக இருக்கிறது என்று கடைக்காரரைக் குற்றம் சொல்ல வழியில்லை.

முதலில் வருவது கோபி 65. கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் மேலே கிடக்க, எண்ணெய்ப் பளபளப்போடு சர்வர் அதை நடு மேசையில் வைக்கிறார். அடுத்த நொடி ஆறு கை. பசி வேளையில் காலிஃபிளவருக்கு ஜாதிபேதம் கிடையாது. கண்ணாடி போட்ட பெண் தட்டைத் தன் பக்கம் இழுத்து, “டேய், அவனுக்கு வைங்கடா” என்று அதட்டும்போது மிஞ்சியிருப்பது இரண்டு துண்டும் கொஞ்சம் மொறுமொறுத் தூளும். அதைக் கட்டம்போட்ட சட்டையின் தட்டில் வழித்துப் போடுகிறார். பின்னால் வந்த சுக்காவும் வஞ்சிரமும் அவர் இருக்கும் இடத்தைச் சுற்றிக்கொண்டு போகின்றன. சைவம் எல்லோருக்கும் பொது, அசைவம் ஐந்து பேருக்கு மட்டும்.

பிரியாணி வந்ததும் பேச்சு அடங்குகிறது. தாடிக்காரர் நல்லி எலும்பை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டி, உறிஞ்சி, ஒரு கண்ணால் துவாரத்தைப் பார்த்து, மறுபடி தட்டுகிறார். இன்னொருவர் வஞ்சிரத்தின் நடு முள்ளைப் பிரிப்பதில் மும்முரம். எல்லோர் வலக்கையும் மணிக்கட்டுவரை நெய்.

கை சுத்தமாக இருப்பது ஒருவருக்குத்தான். அதனால் எல்லா வேலையும் அவருக்கு. தண்ணீர் ஊற்றுகிறார். அடித்த போனை எடுத்து அதன் சொந்தக்காரர் காதில் வைக்கிறார். தயிர் வெங்காயம் இன்னொரு கிண்ணம் கேட்கிறார். ஆறு பேரும் தெரியும்படி கையை நீட்டிப் படம் எடுக்கிறார். மேனேஜர் திங்கட்கிழமை மீட்டிங்கில் பேசுகிற தினுசைப் பேசிக் காட்டுகிறார். மற்றவர்கள் மென்றுகொண்டே சிரிக்கிறார்கள், புரையேறுகிறது, அதற்கும் அவரே தலையில் தட்டுகிறார். அவருடைய பன்னீர் ஆறிக்கொண்டிருக்கிறது.

எதிரே பின்னல் போட்ட பெண், குழுவுக்குப் புதுசு. சட்டென்று கேட்கிறார். “நீங்க ஐயரா?”

எலும்பு தட்டுகிற சத்தம் நிற்கிறது.

“இல்லைங்க. வடலூர்ப் பக்கம். தாத்தா காலத்துலேருந்து வள்ளலார் வழி.” சொல்லிவிட்டு நானைக் கிழிக்கிறார். பலமுறை சொல்லித் தேய்ந்த பதில் என்பது வேகத்திலேயே தெரிகிறது.

வள்ளலார் 1867இல் வடலூரில் தருமச்சாலை திறந்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. அங்கே சாப்பிட வந்தவரைச் சாதி கேட்பதில்லை. நகரத்து மேசையில், ஒன்றைச் சாப்பிடாதவரைக் கேட்டுவிடுகிறார்கள். பின்னல்காரப் பெண் “ஸாரிங்க” என்று தயிர் வெங்காயத்தைக் கிளறுகிறார். “அட, இதுல என்னங்க இருக்கு” என்று அவரே மூடிவைக்கிறார்.

தாடிக்காரர்தான் நிலவரத்தைச் சரிசெய்கிறார். “இவன் வெஜ்ஜா இருக்கறதாலதான் எனக்குத் தலைக்கு மேல கூரை இருக்கு, தெரியுமா?” நங்கநல்லூரில் வீடு தேடிய கதை. போகிற இடமெல்லாம் ‘டு லெட், சைவம் மட்டும்’ என்று பலகை. இவர் பெயரைக் கேட்டே இரண்டு கதவு சாத்தியிருக்கிறது. மூன்றாவது வீட்டில் நண்பரையும் கூட்டிப்போயிருக்கிறார். “ஓனரம்மா கேட்டாங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள இவன், முட்டைகூடச் சாப்பிட மாட்டேம்மான்னான். சாவி கைக்கு வந்துருச்சு!”

சனிக்கிழமை ராத்திரி தாடிக்காரர் இந்த மாடிக்கு ஏன் வருகிறார் என்பது இப்போதுதான் விளங்குகிறது. வீட்டில் அடுப்பு இருக்கிறது, கறி ஏற்ற முடியாது. இங்கே கடைசித் தாளில் ஒதுங்கியிருக்கும் ஆள், வாடகை வீட்டு வாசலில் முதல் ஆள். பலகைக்கு அந்தப் பக்கம் நிற்க அவருக்குப் பாத்தியதை உண்டு. அந்தப் பாத்தியதையில் ஒரு சிநேகிதனையும் உள்ளே இழுத்துவிட்டிருக்கிறார்.

“அடுத்த வாரம் இவனுக்காக வெஜ் ஓட்டல் போவோம்டா” என்கிறார் ஒருவர்.

மறுப்பது கட்டம்போட்ட சட்டையேதான். “வேணாம். அங்க காபி வர்றதுக்குள்ள நாற்காலிக்குப் பின்னாடி ஒரு குடும்பம் வந்து நின்னுரும். இங்கதான் உக்காந்து பேச முடியுது.”

பில் வருகிறது. கை சுத்தமாக உள்ளவர் என்பதால் அதுவும் அவரிடம். ஐந்து விழுக்காடு ஜிஎஸ்டியோடு 3,150 ரூபாய். “ஆளுக்கு 525” என்று அறிவிக்கிறார், தன்னையும் சேர்த்து.

கண்ணாடிப் பெண் பில்லைப் பிடுங்குகிறார். “ரெண்டு நான், ஒரு பன்னீர் சாப்பிட்டவன் எதுக்குடா 525 குடுக்கணும்?”

“கோபிய விட்டுட்டியே.”

“கோபி நாங்க தின்னது!”

சண்டை நீள்கிறது. கடைசியில் அவருக்கு 300, மீதியை ஐவரும் 570 வீதம் என்று அந்தப் பெண்ணே பிரித்துவிடுகிறார். போன்கள் வரிசையாகக் கிணுகிணுக்கின்றன.

மிஞ்சிய பிரியாணியைச் சர்வர் கேட்காமலே பார்சல் கட்டிக்கொண்டு வருகிறார். யார் எடுத்துப்போவது என்று ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். தாடிக்காரர் வாங்கி, நேராகக் கட்டம்போட்ட சட்டையிடம் நீட்டுகிறார்.

“நீ எடுத்துட்டு வா மச்சான். உன் கையில இருந்தா ஓனரம்மா கேக்க மாட்டாங்க.”

“வாசனை வருமேடா?”

“வெஜ் பிரியாணின்னு சொல்லு. நீ சொன்னா நம்புவாங்க.”

“அதெல்லாம் சொல்ல மாட்டேன். கேக்கலன்னா பொழைச்ச” என்கிறார் அவர். பையை வாங்கிக்கொண்டு எழுகிறார். படியில் இறங்கும்போது அவர் குரல் கேட்கிறது. “ஃப்ரிட்ஜுல மட்டும் என் தயிர்ப் பக்கத்துல வெச்ச, அடுத்த மாசம் நீ வேற வீடு பாத்துக்க.”