தொடுவதற்கு முன்

கை கழுவுதல் திருச்சபையின் பிள்ளைகளாகிய நமக்குப் புதிய செய்தியன்று. திருப்பலியில் காணிக்கைகளை ஆயத்தம் செய்தபின் குருவானவர் தம் கைகளைக் கழுவுவதை ஞாயிறுதோறும் காண்கிறோம். மக்கள்முன் பிலாத்து கை கழுவியதைப் பாடுகளின் வரலாற்றில் கேட்கிறோம். ஒருவர் தூய பணியைத் தொடுமுன் கழுவுகிறார். மற்றவரோ தம்மீது பழி ஒட்டாதிருக்கக் கழுவினார். கொரோனாக் கொள்ளைநோய்க் காலத்தில் நம் செவிலியர் ஆற்றிய பணியை எண்ணும்போது, இந்த வேறுபாடு நம் உள்ளத்தில் எழுகிறது.

2020 மார்ச் 11-ஆம் நாள் உலக சுகாதார நிறுவனம் அந்நோயை உலகப் பெருந்தொற்று என்று அறிவித்தது. மார்ச் 22 மாலை நாடெங்கும் மக்கள் மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் நன்றி கூறிக் கைதட்டினர். ஏப்ரல் 9 பெரிய வியாழன். அவ்வாண்டு பாதம் கழுவும் சடங்கை விட்டுவிடுமாறு உரோமையிலிருந்து ஆணை வந்திருந்தது. கோவில் கதவுகள் மூடியிருக்க, நாம் இல்லங்களில் முழந்தாளிட்டு அத்திருப்பலியைத் தொலைக்காட்சியில் கண்டோம். அதே இரவில் மருத்துவமனைகளில் செவிலியர் கட்டிலுக்குக் கட்டில் தங்கள் கைகளைக் கழுவிக்கொண்டிருந்தனர்.

வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-ஆம் ஆண்டில் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். அன்றுமுதல் செவிலியப் பணி இம்மண்ணோடு இணைந்த ஒன்று. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பகுதிகளில் தோல் பதனிடும் தொழிற்சாலைகளில் உழைத்த பெற்றோர் வயிற்றைக் கட்டிப் படிக்கவைத்த செவிலிய மகள்கள் உண்டு. நமக்குத் தெரிந்த அத்தகைய ஒருவர், அந்நாள்களில் தம் கைகளை விரித்துக் காட்டினார். மணிக்கட்டுவரை தோல் வறண்டு, விரற்கணுக்களில் வெடிப்புகள் ஓடியிருந்தன. “சுண்ணாம்புத் தொட்டியில் நின்ற அப்பாவின் கை எனக்கும் வந்துவிட்டது” என்று சிரித்தார்.

அச்சிரிப்புக்குப் பின்னால் ஓர் உண்மை உண்டு. சவர்க்காரம் நோய்க்கிருமியின் கொழுப்பு உறையைச் சிதைப்பது போலவே, நம் தோலின் இயற்கை எண்ணெய்ப் பசையையும் எடுத்துவிடுகிறது. வெடித்த தோலில் சானிடைசர் பட்டால் எரியும். எரிவதற்கு அஞ்சும் கை கழுவத் தயங்கும். இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் வகுத்த சானிடைசர் கலவையில் 80 விழுக்காடு எத்தனாலோடு 1.45 விழுக்காடு கிளிசரினும் சேர்க்கப்படுகிறது. கழுவும் கைக்கும் பராமரிப்பு வேண்டும்.

செவிலியர் கைத்தூய்மை பேண வேண்டிய வேளைகள் ஐந்து என்று 2009-ஆம் ஆண்டின் உலக வழிகாட்டி நூல் கூறுகிறது. நோயாளரைத் தொடுமுன், ஊசி குழாய் போன்ற தூய சிகிச்சைக்கு முன், உடல்நீர் பட்டிருக்கக் கூடுமெனில் அதன்பின், நோயாளரைத் தொட்டபின், அவரது கட்டில் முதலியவற்றைத் தொட்டபின் என்பன அவை. முதல் இரண்டும் நோயாளரைக் காப்பவை. பின்னைய மூன்றும் பெரிதும் செவிலியரையும் சுற்றியிருப்போரையும் காப்பவை. தொட்டபின் கழுவுவோரைவிடத் தொடுமுன் கழுவுவோர் குறைவு என்பது பல நாடுகளில் கண்டறியப்பட்டதே. அச்சம் தானாகவே கையைக் குழாயடிக்கு இழுத்துச் செல்லும். ஆனால் தொடுமுன் கழுவுவதற்கு, எதிரே படுத்திருப்பவர்மீது அன்பு வேண்டும்.

கையுறை இருக்கிறதே எனலாம். ஒரே கையுறையோடு இரு நோயாளரைத் தொட்டால், ஒருவரின் கிருமி மற்றவரைச் சேரும். கையுறையைக் கழற்றியபின்னும் கைகளைத் தூய்மை செய்தே ஆகவேண்டும்.

அன்பு மட்டும் இருந்தால் போதுமா? நேரமும் வேண்டும். ஒரு செவிலியர் பத்து நோயாளரைக் கவனிக்கிறார். ஒவ்வொருவரிடமும் ஐந்து முறை கை கழுவ நேர்கிறது என்று கொள்வோம். ஐம்பது முறை ஆயிற்று. சவர்க்காரமும் நீரும் கொண்டு முறையாகக் கழுவ ஒரு நிமிடம்வரை ஆகும். எனவே ஐம்பது நிமிடம். சானிடைசர் எனில் அரை நிமிடம். அப்போதும் இருபத்தைந்து நிமிடம். இரு செவிலியர் செய்யவேண்டிய வேலையை ஒருவர் தலையில் சுமத்திவிட்டு, கை கழுவவில்லை என்று அவரைக் குறைகூறுவது நீதியன்று. குழாயில் நீரும், கட்டிலருகே சானிடைசரும், போதிய துணையும் அளிப்பது நிர்வாகத்தின் கடமை.

கைதட்டிய சில தெருக்களிலேயே, பணி முடிந்து திரும்பிய செவிலியரை வீட்டைக் காலிசெய்யச் சொன்னவர்களும் இருந்தனர். அவர்கள் பிலாத்துவின் வழியில் கை கழுவியவர்கள். நம் பங்குக் குடும்பங்கள் வேறு வழியில் நடக்கலாம். மருத்துவமனையில் உறவினரைப் பார்க்கச் செல்லும்போது, அவர் கையைப் பிடிக்குமுன் நம் கைகளைக் கழுவுவோம். செவிலியர் நம்மைத் தொடுமுன் கைகளைத் தூய்மை செய்வதைக் கண்டால், நம்மை அருவருக்கிறார் என்று எண்ணாமல், அதை நமக்குக் காட்டும் மரியாதையாக ஏற்போம். அவர் மறந்திருந்தால், “கை கழுவிவிட்டீர்களா அம்மா?” என்று பணிவோடு கேட்பதிலும் தவறில்லை. கூட்டமாகச் சென்று கட்டிலைச் சூழ்ந்து அவருடைய வேலையைப் பெருக்காதிருப்போம். இல்லத்தில் செவிலிய மகளோ மருமகளோ இருந்தால், அவர் இரவுப் பணி முடிந்து வரும் காலையில் பாத்திரம் துலக்கும் வேலையையாவது அந்த வெடித்த கைகளுக்கு வைக்காதிருப்போம்.

சீடரின் பாதங்களைக் கழுவிய ஆண்டவர், பிறர் நலனுக்காகக் கழுவப்படும் இக்கைகளை ஆசீர்வதிப்பாராக.