அப்பாவின் கையில் ஒரு ரிமோட்

திருச்சி தில்லைநகரில் இருக்கும் அந்த வீட்டில் எல்லா சுவிட்ச் போர்டிலும் செலோ டேப் ஒட்டியிருந்தது. பக்கத்தில் ‘அணைக்காதீர்கள்’ என்று ஒரு சீட்டு வேறு. பெங்களூரில் வேலை பார்க்கும் மகன் பொங்கலுக்கு வந்தபோது செய்துவிட்டுப் போன ஏற்பாடு அது. ஸ்மார்ட் பல்புக்கு எந்நேரமும் கரன்ட் போய்க்கொண்டே இருக்க வேண்டும். சுவரில் சுவிட்சை அணைத்துவிட்டால், அப்புறம் போனில் எத்தனை தட்டினாலும் பல்பு எரியாது.

அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். பக்கவாதம் வந்ததில் வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் குழறியது. அவர் எழுந்து போய் சுவிட்ச் போட வேண்டாம், வாயால் சொன்னாலே விளக்கு எரியட்டும் என்றுதான் மகன் அத்தனை செலவு செய்தான்.

ஆனால், கடைசி பெஞ்ச் வரை கேட்ட அந்தக் குரல் மேஜைமேல் இருந்த ஸ்பீக்கருக்குப் புரியவில்லை. அப்பா இரண்டு முறை சொல்லிப் பார்ப்பார். இரண்டு முறையும் அது ஆங்கிலத்தில் ‘ஸாரி’ சொல்லும். மூன்றாவது முறை அவர் வாயைத் திறக்க மாட்டார். போனில் செய்யலாம் என்றால், இடது கை விரல் ஒன்றைத் தொடப் போய் வேறொன்றைத் தொட்டுவிடும்.

சாயங்காலம் அம்மா கோயிலுக்குப் போய்விட்டு வரும்போது அவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார். “ஏங்க, லைட் போட்டுக்கக் கூடாதா?” என்று கேட்டால், “கண்ணு கூசுது” என்பார். ராத்திரியில் பாத்ரூம் போக வேண்டுமென்றாலும், அம்மாவை எழுப்ப மனசில்லாமல் விடியும்வரை அடக்கிக்கொண்டு படுத்திருப்பார்.

ஒரு மழை நாளில் இன்டர்நெட் நின்றுபோனது. கரன்ட் இருந்தும் விளக்கு எரியவில்லை. கடைசியில் அம்மா டேப்பைப் பிய்த்து, சுவிட்சை ஒருமுறை அணைத்துப் போட்ட பிறகுதான் வெளிச்சம் வந்தது. மறுநாள் போனில் ஒரே வரிதான் சொன்னார்: “நம்ம வீட்டு லைட்டப் போட யார்கிட்டடா பர்மிஷன் கேக்கணும்?”

கேள்வி நியாயமானதுதான். பத்தடி தூரத்தில் இருக்கும் பல்புக்கான உத்தரவு எங்கோ இருக்கும் கம்பெனி சர்வருக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை ஊருக்கு வந்த மகன், அப்பாவோடு உட்கார்ந்து டிவி பார்த்தான். அவர் ரிமோட்டைப் பார்க்காமலே, இடது கைக் கட்டைவிரலால் தடவித் தடவிச் சரியாகச் சேனல் மாற்றிக்கொண்டிருந்தார். தடுமாற்றமே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு யோசனை வந்தது.

கடையில் கிடைக்கும் சாதாரண யுனிவர்சல் ரிமோட் ஒன்று வாங்கினான். ரிமோட்டின் முனையிலிருந்து வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி. பெரும்பாலான ரிமோட்டுகளில் அது நொடிக்கு 38,000 முறை துடிக்கும். ஒவ்வொரு பட்டனுக்கும் ஒரு தனிக் குறியீடு. அந்தத் துடிப்பைப் படிக்க மூன்று கால் கொண்ட ஒரு சின்ன ரிசீவர் போதும். அதை ஒரு வைஃபை சர்க்யூட் போர்டில் இணைத்துக் கட்டிலுக்கு எதிரே ஒட்டினான். ஷெல்ஃபில் ஒரு ராஸ்பெர்ரி பை கம்ப்யூட்டர். அதில் ஹோம் அசிஸ்டென்ட் என்ற இலவச மென்பொருள். ‘1’ வந்தால் அறை விளக்கு, ‘2’ வந்தால் பாத்ரூம் வழி விளக்கு, ‘3’ வந்தால் எல்லாவற்றையும் அணை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தான். உத்தரவு வீட்டு ரவுட்டரைத் தாண்டிப் போகாது. இன்டர்நெட் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ரவுட்டரையும் இன்வெர்ட்டரோடு சேர்த்துவிட்டான். நல்லவேளையாக, அந்த பல்புகள் இப்படி வீட்டுக்குள்ளேயே உத்தரவு வாங்கிக்கொள்ளும் வகை. எல்லா பல்பும் அப்படி இல்லை. வாங்கும் முன்பே இதை விசாரித்துக்கொள்வது நல்லது.

முதல் நாளே ஒரு கூத்து. அப்பா ‘1’ஐ அழுத்தினார். விளக்கும் எரிந்தது, டிவியில் சேனலும் மாறியது. “லைட்டப் போட்டா என் சீரியல் போயிடுதேடா!” என்று அம்மா கத்த, பல மாதங்களுக்குப் பிறகு அப்பா வாய்விட்டுச் சிரித்தார். வீட்டில் இல்லாத வேறொரு கம்பெனி டிவியின் குறியீட்டை மகன் அந்த ரிமோட்டில் பதிந்த பிறகு சீரியல் தப்பியது.

குறைகளும் உண்டு. அகச்சிவப்பு ஒளி சுவரைத் தாண்டாது. அறைக்கு ஒரு ரிசீவர் வேண்டும். போர்வைக்குள் வைத்து அழுத்தினால் வேலை செய்யாது. விளக்கு எரியவில்லையென்றால், போனின் செல்ஃபி கேமரா முன்னால் ரிமோட்டைப் பிடித்து அழுத்திப் பார்க்கச் சொல்லியிருக்கிறான் மகன். முனையில் வெளிச்சம் தெரியாவிட்டால் முதலில் பேட்டரியை மாற்ற வேண்டும். அவ்வளவுதான். எந்தப் பட்டன் எதற்கு என்று அம்மாவே தடித்த பேனாவால் எழுதி ஒட்டிவிட்டார்.

மகன் ஊருக்குக் கிளம்பிய அன்று ராத்திரி, மூன்று மணி இருக்கும். பாத்ரூம் வழியில் விளக்கு எரிந்தது. அம்மாவுக்கு விழிப்பு வந்துவிட்டது. கைத்தடி ஊன்றி அப்பா மெல்ல நடந்து போவது கேட்டது. போய், திரும்பி வந்து, படுத்தார். விளக்கு அணைந்தது.

அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை. அவர் தன்னை எழுப்பவில்லை என்று நினைத்துக்கொள்ளட்டுமே என்றுதான்.