வியர்க்கும் கைகள்

உழைப்பவனது நெற்றி வியர்வையைக் கவிஞர் போற்றிப் பாடியுள்ளனர். வேலை ஏதுமின்றி இருக்கையிலும் உள்ளங்கை நனைந்து வழியும் ஒருவனது வியர்வையைப் பாடுவார் இலர். பரீட்சை மண்டபத்தில் விடைத்தாளின்மேற் கைக்குட்டையை விரித்து அதன்மேற் கைவைத்து எழுதுகின்றான் அவன். பிறர் கைகுலுக்க முன்வருங்கால் தன் கையை மறைத்துக்கொள்கின்றான். காண்போர் அவனைக் கோழை என்றோ, குற்றமுள்ள நெஞ்சினன் என்றோ கருதிவிடுகின்றனர். நாளடைவில் அவனும் அவ்வாறே நம்பத் தலைப்படுகின்றான். நோயினும் கொடியது அந்நம்பிக்கையே.

அதனை மறுப்பதற்கு விஞ்ஞானத்திடம் தக்க சான்று உண்டு. வியர்வைச் சுரப்பிகளை இயக்குவன பரிவு நரம்புகளாகும். அத்தொகுதியின் ஏனைய நரம்பு முனைகள் பெரும்பாலும் நோரதிரனலீனைச் சுரக்க, வியர்வைச் சுரப்பிகளை அடைவனவோ அசற்றைல்கோலினைச் சுரக்கின்றன. ஹென்றி டேலும் வில்ஹெல்ம் பெல்ட்பேர்க்கும் 1934 இல் பூனையின் பாதத்தை ஆராய்ந்து இதனைக் காட்டினர். அப்பொருளைச் சுரப்பியில் ஏற்கும் வாங்கிகள், 1869 இல் நச்சுக் காளான் ஒன்றிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட மசுக்கரீனின் பெயரால் வழங்குகின்றன. வேறு நோய் காரணமாகாத மிகைவியர்வையிற் சுரப்பிகள் பழுதுற்றிருப்பதில்லை. நரம்புகளே வேண்டியதற்கு மேலாக அவற்றை ஏவுகின்றன என்பது ஆய்வாளர் துணிபு.

அவ்வாறாயின், அவ்வாங்கிகளை மறிக்கும் மருந்தொன்றை உட்கொண்டாற் போதாதோ எனலாம். சிக்கல் இங்கேதான் எழுகின்றது. அவ்வின வாங்கிகள் உமிழ்நீர்ச் சுரப்பியிலும் கண்ணிலும் சிறுநீர்ப்பையிலும் உள. எனவே கை உலரும்போது நாவும் உலர்கின்றது, பார்வை மங்கலாம், சிறுநீர் தடைப்படலாம். உடலைக் குளிர்விக்கும் வியர்வை குன்றுதல் வெப்ப நாடுகளில் ஆபத்துமாகும்.

ஆதலால் தோலின்மேற் பூசும் வழியை ஆய்வாளர் நாடினர். கிளைக்கோபிரோனியம் தோய்த்த துணி, அக்குள் வியர்வைக்கென 2018 இல் ஐக்கிய அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தோலிற் செயற்பட்டுக் குருதியை அடைந்ததும் விரைவாகச் சிதையுமாறு வடிவமைக்கப்பட்ட சொப்பிரோனியம், 2020 இல் யப்பானிலும் 2024 இல் ஐக்கிய அமெரிக்காவிலும் அக்குளுக்கென ஏற்கப்பட்டது. உள்ளங்கைக்கென ஒட்சிபியூற்றினின் பூச்சுமருந்து யப்பானில் 2023 இல் அனுமதிக்கப்பட்டது. இவையும் முற்றாகத் தீங்கற்றவை அல்ல. மருந்து பட்ட கையாற் கண்ணைத் தொடின் கண்மணி விரிந்து பார்வை மங்கும்.

இம்மருந்துகள் எல்லோர்க்கும் எட்டுவன அல்ல. ஆயினும் அவற்றைத் தேடிய ஆய்வு உணர்த்திய உண்மைக்கு விலையில்லை. நனைந்த கை நெஞ்சின் குற்றத்தைக் காட்டுவதன்று. நரம்பொன்றின் மிகையையே காட்டுகின்றது. இதனை உணர்ந்தவன் தன் கையை மறைக்க வேண்டுவதில்லை. உணர்ந்த நண்பனும் அக்கையைப் பற்றத் தயங்கான்.