துபாய் எம்புட்டு தூரம்?

எங்க அப்பா துபாயில் கட்டட வேலை பார்க்கிறார். வீட்டில் அப்பாயி அடிக்கடி என்னிடம் கேட்கும், "ஏன்டா, துபாய் எம்புட்டு தூரம்?" என்று.

"சென்னையிலிருந்து 2,900 கிலோமீட்டர் அப்பாயி" என்பேன்.

"அதெல்லாம் எனக்கு வெளங்காது. மணிக் கணக்குல சொல்லு."

"பிளேன்ல நாலு மணி நேரம்."

"அட, அப்ப மெட்ராஸை விடக் கிட்டக்கத்தானா!" என்று சிரிக்கும். எங்கள் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து சென்னைக்குப் பஸ்ஸில் எட்டு மணி நேரம் ஆகும் அல்லவா!

ஆனால் எனக்கு ஒரு சந்தேகம். அப்பா ஒரு தடவை வந்தபோது டிக்கெட்டைப் பார்த்தேன். துபாயில் இரவு 9.45-க்குக் கிளம்பி சென்னைக்கு 3.15-க்கு வரும் என்று இருந்தது. ஐந்தரை மணி நேரம் வருகிறதே? சமூக அறிவியல் ஐயாவிடம் கேட்டேன். அவர் உலக உருண்டையைக் கொண்டுவந்து விளக்கினார். நம் நாட்டு நேரம் 82½° கிழக்கு தீர்க்கக்கோட்டை வைத்து. துபாயின் நேரம் 60° கிழக்கை வைத்து. வித்தியாசம் 22½°. ஒரு டிகிரிக்கு 4 நிமிடம் என்றால் 90 நிமிடம். டிக்கெட்டில் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் போடுவார்கள். ஐந்தரையில் ஒன்றரை போனால் நான்கு மணி நேரம்! நான் சொன்னது சரிதான் என்று எனக்கு ரொம்பப் பெருமை.

2023 டிசம்பரில் அப்பாயிக்கு மூச்சு வாங்கியது. அப்பாவுக்குச் சொல்ல அம்மா போனை எடுத்தார். அப்பாயி தடுத்துவிட்டது. "வேணாம்த்தா, புள்ளைக்கு வேலை கெட்டுப்போகும். நாலு மணி நேரந்தானே, ரொம்ப முடியலன்னாக் கூப்பிட்டுக்கலாம்."

இரண்டு நாள் கழித்து விடியற்காலை 5 மணிக்கு அப்பாயி போய்விட்டது.

உடனே போன் போட்டோம். அங்கே அப்போது மணி 3.30. ஆபீஸ் திறந்து லீவு வாங்கவே காலை போய்விட்டது. திருச்சி விமானத்தில் இடம் இல்லை. அதே இரவு 9.45 சென்னை விமானம்தான் கிடைத்தது. சென்னையில் இறங்கி, வெளியே வந்து, பஸ் பிடித்து அப்பா வீட்டுக்குள் நுழைந்தபோது மறுநாள் பகல் 12.30. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 31½ மணி நேரம். அதில் பறந்தது நான்கு மணி நேரம் மட்டும்.

ஐஸ் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பா, "முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று அழுதார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நான் சொன்ன கணக்கு தப்பில்லை. ஆனால் அப்பாயி கேட்டது அந்தக் கணக்கு இல்லை. 'எம்புள்ளை எம்புட்டு நேரத்துல வந்து சேருவான்' என்றுதான் கேட்டிருக்கிறது.

நண்பர்களே, நம் பள்ளியில் நிறையப் பேருடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார். வீட்டில் பெரியவங்க தூரத்தைக் கேட்டால் விமான நேரத்தை மட்டும் சொல்லாதீங்க. லீவு, டிக்கெட், பஸ் எல்லாவற்றையும் கூட்டிச் சொல்லுங்க. உடம்புக்கு முடியலன்னா அன்றைக்கே போன் போடுங்க.

– பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவன்