பழைய சுங்கானும் புதிய சுங்கானும்

இங்கிலாந்திற் செய்த பழைய சுங்கான் ஒன்றைத் தேடிப் பிடிப்பதா, அல்லது கடையிற் புதியது வாங்குவதா என்று நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். புகையையே விட்டுவிடும் என்பதுதான் நாம் முதலிற் சொன்ன விடை. சுங்கானாயினும் சுருட்டாயினும் வாய்க்கும் தொண்டைக்கும் புற்றுநோய் தருவதில் ஒன்றுக்கொன்று இளைத்ததன்று. அவர் கேட்பாராயில்லை. நாம் புகைப்பவரல்லோம், எனினும் பழஞ்சுங்கான் ஒன்றை வைத்துக் காப்பவராதலின், இவ்விஷயத்தில் நாலு வார்த்தை சொல்ல நமக்குப் பாத்தியதை உண்டு.

நல்ல சுங்கானின் கிண்ணம் பிரையர் என்னும் மரத்தாலானது. மத்தியதரைக் கடலோரக் குன்றுகளில் வளரும் புதரொன்றின் வேரடியில், மண்ணுக்குள் திரளும் முண்டு அது. அதைத் தோண்டியெடுத்து அறுத்து, பல மணி நேரம் நீரில் வேகவைத்துச் சாறு போக்கி, மாதக்கணக்காக, சில வேளை ஆண்டுக்கணக்காக உலர்த்துவார்கள். பிரான்சு தேசத்துச் சென் குளோட் என்னும் மலையூரில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இத்தொழில் வேரூன்றிற்று. அக்காலத்து மரம் இனிக் கிட்டாது என்பது பழமைப் பிரியர்களின் வாதம். இதை நாம் ஒப்புவதற்கில்லை. செவ்வையாக உலர்த்திய மரம் இன்றும் கிடைக்கிறது. அவசரத்தில் உலர்த்திய மரம் அன்றும் விற்றது. இலண்டனில் 1907இல் கடை திறந்து, பின்னர்ச் சுங்கானும் செய்யத் தொடங்கிய டன்ஹில் கம்பெனியார், செய்த ஆண்டைக் காட்டும் சிற்றிலக்கம் ஒன்றைப் பொறித்து வந்தனர். அந்த இலக்கத்துக்கும், காம்பின்மேலுள்ள வெள்ளைப் புள்ளிக்குமே பலர் பணத்தைக் கொட்டுகின்றனர்!

கைமாறி வந்த சுங்கானிற் பார்க்க வேண்டியவை வேறு. கிண்ணத்தின் உட்புறம் கரி தடித்துப் படிந்து, அதன்கீழ் வெடிப்பு மறைந்திருக்கலாம். முன்னவர் இட்ட புகையிலையின் வாடை மரத்தில் ஊறி நிற்கும். உப்பும் ஆல்கஹாலும் இட்டு ஓரிரவு வைத்தால் பெரும்பாலும் நீங்கும். துடைக்கும் பஞ்சுக் கம்பி காம்பின் வழியே கிண்ணத்தின் அடிவரை தடையின்றிச் செல்கிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது. புதியதில் இத்தொல்லைகள் இல்லை. மெல்லிய கரிப்படலம் கட்டும்வரை சிறிது சிறிதாக நிரப்பிப் பழக்கவேண்டும், அவ்வளவே. ஆகவே, விடமாட்டீராயின் புதியதையே வாங்கும் என்று நண்பருக்கு எழுதிவிட்டோம்.

நாம் பழையதை வைத்திருப்பதன் காரணம் கிண்ணமன்று. வாயில் வைக்கும் கறுப்புக் காம்பு. இன்றைய சுங்கான்கள் பலவற்றில் அது அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். நிறம் மாறாது, பல்லுக்குக் கடினம். பழையவற்றில் பெரும்பாலும் அது வல்கனைட், அதாவது கந்தகத்தை மிகுதியாகச் சேர்த்துச் சூட்டில் இறுக்கிய ரப்பர். வெயிலும் ஈரமும் படப் பச்சையும் பழுப்புமாக மாறிக் கசக்கும்.

இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட ஆண்டுகளில் உலகிலேயே மிகுதியாக ரப்பர் விளைந்த நாடு மலாயா. தோட்டங்களில் அந்தப் பாலை வெட்டியவர்களிற் பெரும்பகுதியினர் தமிழர். விடியுமுன் பெரட்டுக்கு நின்று, மங்கு மங்காகப் பாலைச் சேர்த்து வாளி சுமந்தவர்களுள் நம் பாட்டியாரும் ஒருவர். துரைமார் பல்லிடையே கடித்துக்கொண்டு வந்த கறுப்புத் துண்டு ரப்பரென்று அவருக்கு ஒருவரும் சொன்னதில்லை. சுங்கானில் கம்பெனியின் பெயர் உண்டு, ஆண்டு உண்டு, ஊர் உண்டு. இன்ன காம்பு இன்ன தோட்டத்துப் பால் என்று காட்ட ஒரு முத்திரையுமில்லை.

நம்முடைய சுங்கான் சிங்கப்பூர்ச் சுங்கை ரோட்டுப் பழம்பொருட் சந்தையில், அது 2017இல் மூடப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு வாங்கியது. செய்தவர் பெயர் தேய்ந்து, இங்கிலாந்து என்னும் எழுத்து மட்டும் எஞ்சியிருந்தது. காம்போ பாசி பிடித்தாற்போன்ற நிறம். அதைக் கழற்றியெறிந்து அக்ரிலிக் காம்பு மாட்டினால் புதியதாகிவிடும் என்றார் பழுது பார்ப்பவர் ஒருவர். வேண்டாமென்று எடுத்து வந்து, நுண்ணிய உப்புத்தாளை நீரில் நனைத்து மூன்று மாலை உட்கார்ந்து தேய்த்தோம். தேய்க்கத் தேய்க்கக் கந்தக நாற்றம் எழ, வீட்டார் நம்மை வாயிற்புறத்துக்குத் துரத்தினர். மூன்றாம் நாள் கறுப்பு திரும்பிற்று. யாரோ ஒருவரின் பல் அழுந்திய பள்ளங்கள் இரண்டு மட்டும் போகவில்லை. அவற்றை நிரப்பாமலே வைத்திருக்கிறோம்.